தற்காப்புக்கா, விளையாட்டுக்கா? கைத்துப்பாக்கி வாங்கும் முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: கைத்துப்பாக்கி வாங்க விரும்புவோர் பொதுவாக முதலில் கேட்பது, "எந்தத் துப்பாக்கி சிறந்தது?" என்பதைத்தான். அதற்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் துப்பாக்கி எதற்காக? உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர் உடையின் உள்ளே மறைவாக எடுத்துச் செல்லும் ஆயுதமும், பயிற்சிக்களத்தில் இலக்கை நோக்கிச் சுடும் வீரரின் கருவியும் கைத்துப்பாக்கி என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. ஆனால் எடை, விசையின் அழுத்தம், குழலின் நீளம், தோட்டா, பொருந்தும் சட்டவிதி என ஏறத்தாழ எல்லாவற்றிலும் இவை எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. ஒன்றுக்கான சிறப்பு மற்றொன்றில் ஆபத்தாகவே முடியலாம்.

உரிமை அல்ல, அனுமதி

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு வழங்கும் உரிமை. இந்திய அரசியலமைப்பு அத்தகைய உரிமை எதையும் வழங்கவில்லை என்பதை, உரிமமற்ற துப்பாக்கிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சுட்டிக்காட்டியது. இந்தியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசு தரும் அனுமதி மட்டுமே. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அந்த அனுமதியை ஒழுங்குபடுத்துகின்றன.

உரிமம் கோருவோர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். ஆயுதம் ஏன் தேவை என்பதை விண்ணப்பத்தில் விளக்க வேண்டும். காவல்துறை விசாரணை அறிக்கையைப் பெற்ற பிறகே உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுப்பார். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், காவல் ஆணையரகம் செயல்படும் பெருநகரங்களில் காவல் ஆணையரும் இந்த அதிகாரத்தைக் கொண்டுள்ளனர். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றையும் 2016ஆம் ஆண்டின் விதிகள் எதிர்பார்க்கின்றன.

2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தனிநபர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் செல்லுபடிக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. திருமணம் போன்ற கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் அலட்சியமாகச் சுடுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிவகுத்ததும் இந்தத் திருத்தமே.

'போர்' எனும் எல்லைக்கோடு

குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் 'போர்' என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல், 0.38 மற்றும் 0.455 போர் ரிவால்வர் ஆகியவை 'தடை செய்யப்பட்ட போர்' பிரிவில் வருகின்றன. இவற்றுக்கான அனுமதி மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் உள்ளது. சாதாரணக் குடிமக்களுக்கு அது கிடைப்பது மிக அரிது.

எனவே தற்காப்புக்காக விண்ணப்பிப்போருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது 0.32 போர் கைத்துப்பாக்கிகளே. வெளிநாட்டு இணையப் பக்கங்களில் 9 மி.மீ. பிஸ்டல்களை ஒப்பிட்டு எழுதப்படும் பரிந்துரைகள் இந்திய வாங்குநருக்கு ஏறத்தாழப் பயனற்றவை என்பதற்கு இதுவே காரணம்.

அரசுத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகளே இந்தச் சந்தையில் நீண்டகாலமாக முன்னிலையில் உள்ளன. கான்பூரில் உருவான 'நிர்பீக்' ரிவால்வர் 2014ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமானது. டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் உயிரிழந்த மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயரை நினைவூட்டும் வகையில் இதற்குப் பெயரிடப்பட்டது. டைட்டானியம் உலோகக் கலவையால் ஆன இதன் எடை சுமார் 500 கிராம். அறிமுக விலை ரூ.1,22,360. பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரப்படுத்தப்பட்டபோது, இந்த விலையில் எத்தனை பெண்களால் இதை வாங்க முடியும் என்ற கேள்வியும் எழுந்தது.

ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021ஆம் ஆண்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான கான்பூரின் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனம், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'பிரபல்' ரிவால்வரை வெளியிட்டது. தோட்டா இல்லாத நிலையில் இதன் எடை 675 கிராம். குழலின் நீளம் 76 மி.மீ.; மொத்த நீளம் 177.6 மி.மீ. துப்பாக்கியை நடுவில் மடக்கித் தோட்டா நிரப்பும் பழைய முறைக்கு மாறாக, இதில் உருளை பக்கவாட்டில் வெளியே வருகிறது.

மறைவாக எடுத்துச் செல்லும் ஆயுதம்: எதைப் பார்க்க வேண்டும்?

மறைத்து எடுத்துச் செல்ல இந்தியாவில் தனி உரிமம் கிடையாது. மாறாக, பொது இடத்தில் கைத்துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது என்பதே விதி. உடலோடு பொருத்தப்பட்ட உறையிலோ, அதற்கேற்ற பையிலோ முழுமையாக மூடப்பட்ட நிலையில், எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் அது இருக்க வேண்டும். இடுப்பில் செருகிப் பிறர் காணக் காட்டுவது வீரம் அல்ல, விதிமீறல். உரிமம் எந்த மாவட்டம் அல்லது மாநிலம் வரை செல்லும் என்பது அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். விமானப் பயணத்தில் துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டு செல்ல இயலாது. முன்கூட்டியே தெரிவித்து, தோட்டா நீக்கி, சரக்குப் பகுதியில் செல்லும் பெட்டியில்தான் ஒப்படைக்க வேண்டும்.

இத்தகைய ஆயுதத்தின் முதல் தகுதி, வேண்டாத நேரத்தில் வெடிக்காமல் இருப்பது. வேண்டிய நேரத்தில் வெடிப்பது அதற்கு அடுத்ததே. உரிமம் பெற்ற ஒருவரின் வாழ்நாளில் துப்பாக்கியைச் சுட வேண்டிய தருணம் வராமலே போகலாம். அதை எடுத்து வைத்து, கழற்றி மாட்டும் தருணங்களோ அன்றாடம் வருபவை. இந்தி நடிகர் கோவிந்தா 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மும்பையில் உள்ள தனது வீட்டில், உரிமம் பெற்ற ரிவால்வர் தவறுதலாக வெடித்ததில் காலில் குண்டு பாய்ந்து காயமடைந்தார். வெளியூர் புறப்படும் அவசரத்தில் அதை எடுத்து வைத்தபோது கை தவறியதே காரணம் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது.

ஆகவே வாங்குபவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு அதில் உள்ளதா என்பதே. விசையை முழுமையாக இழுத்தால் அன்றிச் சுத்தியல் தோட்டாவைத் தொடாதபடி இடையில் ஒரு தடுப்பு, தற்கால ரிவால்வர்களில் இருக்கும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது இராது. அப்படிப்பட்டவற்றில் சுத்தியலுக்கு நேராக உள்ள அறையைக் காலியாக விடுவதே பாதுகாப்பு மரபு.

விசையின் அழுத்தமும் இதே நோக்கில் பார்க்கப்பட வேண்டும். சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுக்காமல் சுடும்போது ரிவால்வரின் விசைக்குப் பொதுவாக 4 முதல் 6 கிலோ வரையிலான அழுத்தம் தேவைப்படும். குறி பார்ப்பதற்கு இது இடைஞ்சல்தான். ஆனால் பதற்றத்தில் விரல் தவறிப் பட்டாலும் துப்பாக்கி வெடிக்காமல் காப்பது அந்தக் கடினமே. விசையை இலகுவாக்கித் தருவதாகச் சொல்லும் உள்ளூர்ப் பட்டறைகளை நாடுவது தற்காப்பு ஆயுதத்தைப் பொறுத்தவரை பெரும் பிழை.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், விசையை மீண்டும் இழுத்தால் போதும்; அடுத்த தோட்டா நேருக்கு வந்துவிடும். பிஸ்டலிலோ மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, பழுதான தோட்டாவை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பயிற்சியும் இரண்டு கைகளும் தேவை. மறுபுறம், பிஸ்டல் தட்டையானது. மறைவாக வைக்க எளிது. அதிகத் தோட்டாக்களைக் கொள்வது. அடிக்கடி பயிற்சி பெற வாய்ப்பில்லாதவருக்கு ரிவால்வரின் எளிமையே நம்பகத்தன்மை.

எடை குறைவதிலும் ஓர் இழப்பு உண்டு. இலகுவான துப்பாக்கியை நாள் முழுவதும் சுமப்பது எளிது. ஆனால் சுடும்போது அது கையில் தரும் உதைப்பு அதிகம். குட்டையான குழலில் குறி தவறும் வாய்ப்பும் அதிகம். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது பிடிக்கும் துப்பாக்கி, களத்தில் சுடும்போதும் பிடிக்கும் என்று சொல்ல இயலாது.

தோட்டாவில் மற்றொரு குழப்பம் காத்திருக்கிறது. '0.32' என்ற ஒரே எண்ணால் அழைக்கப்பட்டாலும், ரிவால்வர் தோட்டாவும் பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறானவை. ரிவால்வருக்கானது 0.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் வகை. பிஸ்டலுக்கானது அதைவிடக் குட்டையான 0.32 ஏ.சி.பி. வகை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. பல ஆண்டுகளாக அலமாரியில் ஈரக்காற்றில் கிடந்த தோட்டாக்களை நம்புவதும் துப்பாக்கியே இல்லாதிருப்பதற்குச் சமம்.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கியின் மயக்கம்

தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து கைத்துப்பாக்கிகளைத் தாராளமாக இறக்குமதி செய்ய இந்தியாவில் வழியில்லை. இதனால் பல பத்தாண்டுகளுக்கு முன் நாட்டுக்குள் வந்த வெப்ளி, கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வால்தர் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அந்த விலையில் பெரும்பகுதி பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும் தரப்படுவது, தரத்துக்கானது அல்ல. தேய்ந்த சுருள்வில்லுக்கோ உடைந்த ஊசிக்கோ மாற்று உதிரிபாகம் கிடைப்பது அரிது. பழைய துப்பாக்கி வாங்குவோர், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் காட்டி, உருளை ஆட்டமின்றிப் பூட்டுகிறதா, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக நிற்கிறதா, குழலின் உட்புறத்தில் துருவோ வீக்கமோ உள்ளதா என்று சரிபார்த்த பிறகே பணம் தர வேண்டும். பரிமாற்றமும் உரிம அதிகாரியின் பதிவின்றி நடைபெறக் கூடாது.

சுடும் உரிமைக்கும் எல்லை உண்டு

உரிமம் என்பது சுடுவதற்கான அனுமதி ஆகாது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வரையறுக்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கு விளைவிக்க இந்த உரிமை இடம் தராது. பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போதும் இந்த உரிமை பொருந்தாது. ஓடும் திருடனின் முதுகில் சுட்டவர் தற்காப்பு என்று வாதிடுவது கடினம். ஆபத்து உடனடியானதா, தீவிரமானதா, எதிர்வினை அதற்கு ஈடானதா என்பதை நீதிமன்றம் ஆராயும்.

விளையாட்டுத் துப்பாக்கி: முற்றிலும் வேறு உலகம்

இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டில் நம்பகத்தன்மை என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இங்கு துப்பாக்கி அறுபது முறையும் ஒரே மாதிரி இயங்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்துப் புள்ளிகளுக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. மின்னணு இலக்கில் 60 முறை சுட 75 நிமிடங்கள் தரப்படும். ஒரு கையால் மட்டுமே பிடித்துச் சுட வேண்டும்; மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது.

சர்வதேச விதிகளின்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 4.5 மி.மீ. விட்டம் கொண்டது; எடை 1,500 கிராமுக்கு மிகக் கூடாது; விசையின் அழுத்தம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் பிஸ்டல் 5.6 மி.மீ. அதாவது 0.22 போர் தோட்டாவைச் சுடுவது. எடை 1,400 கிராம் வரை. விசையின் அழுத்தம் குறைந்தது 1,000 கிராம். தற்காப்பு ரிவால்வரின் 4 கிலோ விசையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அரைக் கிலோ அழுத்தத்தில் இயங்கும் விசை களத்தில் துல்லியம் தரும். இடுப்பில் இருந்தால் விபத்தையே தரும். மரத்தில் செதுக்கிய கைப்பிடியும் நீண்ட குழலும் கொண்ட போட்டித் துப்பாக்கியை உடையில் மறைக்கவும் இயலாது.

இந்த விளையாட்டிலும் கருவி கைவிடும் தருணங்கள் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாகரின் துப்பாக்கி பழுதானது. அதைச் சீர்செய்வதில் மதிப்புமிக்க நிமிடங்களை இழந்த அவர், இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. அதே வீராங்கனை 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் தனிநபர் வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணி வெண்கலமும் வென்றார். கைத்துப்பாக்கியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம், 2012ஆம் ஆண்டு லண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் விஜய் குமார் வென்ற வெள்ளி. அந்தப் பிரிவில் ஐந்து இலக்குகளை முறையே 8, 6, 4 விநாடிகளுக்குள் சுட வேண்டும். தோட்டா ஒரு முறை சிக்கிக்கொண்டாலும் வீரரின் தாளம் குலைந்துவிடும்.

புதியவர் எங்கே தொடங்கலாம்?

விளையாட்டு ஆர்வலருக்குச் சாதகமான செய்தி, தொடக்கத்திலேயே ஆயுத உரிமம் தேவையில்லை என்பதே. 20 ஜூல் ஆற்றலுக்கு மிகாத 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உள்ளது. அடையாள ஆவணம் காட்டி அவற்றை வாங்கலாம். அதற்கு முன்பாக, மாநில அல்லது மாவட்ட ரைபிள் சங்கத்துடன் இணைந்த பயிற்சி மையத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கிகளைச் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்ப்பதே சிக்கனமான வழி. 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கம் இத்தகைய சங்கங்களின் தலைமை அமைப்பாகும்.

பயிற்சி மையங்களில் மோரினி, ஸ்டெயர், ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பர்தினி ஆகிய ஐரோப்பியத் தயாரிப்புகள் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்துவதே முதல் அளவுகோல். சிறியது, நடுத்தரம், பெரியது எனக் கைப்பிடிகள் அளவு வாரியாகக் கிடைக்கின்றன. அருகிலேயே பழுதுநீக்கும் வசதி உள்ள நிறுவனத்தின் துப்பாக்கி, புகழ்பெற்ற ஆனால் உதிரிபாகம் கிடைக்காத துப்பாக்கியைவிட நல்லது. பயன்படுத்தியதை வாங்குவோர் காற்று உருளையின் உற்பத்தித் தேதியைப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த உருளையைச் சர்வதேசப் போட்டிகளில் பயன்படுத்த இயலாது.

0.22 போர் பிஸ்டலுக்கு முன்னேறும்போது உரிமம் அவசியமாகிறது. சாதனை அடிப்படையில் வீரர்களுக்குச் சட்டம் கூடுதல் சலுகைகள் தருகிறது. சர்வதேசப் பதக்கம் வென்றோரும் புகழ்பெற்ற வீரர்களும் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் உச்ச வரம்பு 2020ஆம் ஆண்டு ஏழிலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் விளையாட்டுக்காகப் பெற்ற ஆயுதத்தைத் தற்காப்புக்காக எடுத்துச் செல்ல இச்சலுகை இடம் தராது.

வீட்டில் இருக்கும் ஆபத்து

நோக்கம் எதுவாயினும் துப்பாக்கி பெரும்பாலான நேரம் வீட்டில்தான் இருக்கும். பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கியும், வேறொரு பூட்டின் கீழ்த் தோட்டாக்களும் இருப்பது நல்லது. சாவி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. துப்பாக்கியின் விலையைக் கணக்கிடும்போதே பெட்டியின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். குடும்பத்தில் எவரேனும் கடும் மன உளைச்சலில் இருந்தாலோ, மது அல்லது கோபத்தின் பிடியில் சிக்கியிருந்தாலோ, துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் பாதுகாப்பாக ஒப்படைத்து வைப்பதே அறிவுடைமை. தேர்தல் காலங்களில் அதிகாரிகள் உத்தரவிட்டால் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் உரிமம் வைத்திருப்போர் அறிவர்.

முடிவெடுக்கும் முன்

தற்காப்புக்காக வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: கீழே விழுந்தாலும் வெடிக்காத அமைப்பு, மாற்றப்படாத விசை, எளிதில் கிடைக்கும் தோட்டா, விசையை முழுமையாக மூடும் உறை, பூட்டும் பெட்டி.

விளையாட்டுக்காக வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: போட்டி விதிக்கு உட்பட்ட அளவும் எடையும், கைக்குப் பொருந்தும் பிடி, உதிரிபாக வசதி, பயிற்சியாளரின் பரிந்துரை.

தற்காப்பு ரிவால்வர் வைத்திருப்போரின் பெரும் குறை பயிற்சியின்மைதான். உரிமத்தில் குறிப்பிடப்படும் தோட்டாக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு; பொதுமக்கள் அவற்றைச் சுட்டுப் பழகும் களங்களும் குறைவு. ஆண்டுக்கணக்கில் ஒரு முறையும் சுடாத துப்பாக்கி, நெருக்கடியில் தாக்குபவரைவிட அதை வைத்திருப்பவருக்கே ஆபத்தாகலாம். எனவே உயிருக்கு உண்மையான, நிரூபிக்கக்கூடிய அச்சுறுத்தல் இல்லாதவருக்கு, துப்பாக்கியின் மீதுள்ள ஈர்ப்பு மட்டுமே காரணம் என்றால், உரிய இடம் பயிற்சிக்களம்தான். அங்கே ஏர் பிஸ்டல் பிடித்துப் பழகிய சில மாதங்களில், இரண்டாவது துப்பாக்கி தமக்குத் தேவையா என்பதை அவரே தீர்மானிக்கும் தெளிவு பெற்றுவிடுவார்.